மேல்காற்றும் பெரணியும்

பங்குனி 28

நசரத்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோர நர்சரி ஒன்றில் மூன்று தொட்டி பெரணி வாங்கி வந்தேன். "ஊட்டிச் செடி மாதிரி செல்லம் இல்லம்மா, நிழல்ல வெச்சா போதும், தாங்கும்" என்றார் கடைக்காரர். பாஸ்டன் பெரணி. 1890களில் பாஸ்டன் நகரத்துக்கு அனுப்பிய செடிகளுக்கு நடுவே இது மட்டும் மட்டை வளைந்து தொங்கியதாம், அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. கூடவே இட்லிப்பூ இரண்டு. டேபிள் ரோஸ் குச்சி ஒரு கைப்பிடி இலவசம்.

திரும்பும் வழியில் பூந்தமல்லி. காஞ்சி வரதனுக்குப் பூ வளர்த்துச் சுமந்துபோன திருக்கச்சி நம்பிகளின் ஊர் என்பது வைணவ மரபு. அந்த மண்ணில் பூ வாங்காமல் பெரணி வாங்கி வருகிறேனே என்று ஆட்டோவில் ஒரு சின்னக் குற்ற உணர்ச்சி.

சித்திரை 5

இலையின் அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளி. பூச்சி என்று முடிவு கட்டி, வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்து இரண்டு நாள் அடித்தேன். போனில் படம் பார்த்த மகள் சிரித்தாள். "அம்மா, எந்தப் பூச்சி இப்படி ஸ்கேல் வெச்ச மாதிரி உட்காரும்? அது பெரணியோட வித்தும்மா." பூவும் காயும் இல்லாத செடி, இந்தப் புள்ளிகளில்தான் தூளாக வித்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. நான் அதைக் கழுவித் தள்ளியிருக்கிறேன்.

சித்திரை 10

துவைக்கிற கல்லுக்குப் பின்னால், காரை பெயர்ந்த மதில் இடுக்கில் ஒரு பெரணி. யாரும் வைத்ததில்லை. நீள நீளமாக ஒற்றை வரிசை இலை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. போர் போட்டபோது மூடிவிட்ட எங்கள் பழைய கிணற்றின் உட்சுவரில் கொத்துக் கொத்தாக இருந்த அதே செடி. மகள் சொன்ன பெயர் ப்டெரிஸ் விட்டேட்டா. சுண்ணாம்புக் காரைதான் இதற்குப் பிடித்த நிலம். மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பதும் இதே பெரணி என்று 2001இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். கீரை என்று நினைத்து யாரும் வதக்கிவிட வேண்டாம்.

வனத்துறை அதிகாரி பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளைப் படம் வரைந்து 1863இல் இதே மதராஸில் புத்தகம் போட ஆரம்பித்தார். அதில் பெரும்பாலானவை மலைக்காட்டுச் செடிகள். சமவெளிக்காரர்களான நமக்குக் கிடைத்த காடு கிணறுதான். பெரணியின் ஆண் அணு பெண் அணுவை அடைய நீந்தியாக வேண்டும், அதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். கிணற்றுச் சுவர் எப்போதும் அதை வைத்திருந்தது.

ஒரு யோசனை. பழைய செங்கல் ஒன்றை ராத்திரி முழுக்க ஊறவைத்து, மதில் பெரணியின் இலையை அதன்மேல் தட்டி, கண்ணாடி ஜாடியால் மூடி வைத்தேன். லண்டன் மருத்துவர் வார்டு 1829 வாக்கில் மூடிய பாட்டிலில் கூட்டுப்புழு வளர்க்கப் போய், உள்ளே பெரணி முளைத்ததைக் கண்ட கதை ஞாபகம் வந்தது. நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணியெல்லாம் செத்துக்கொண்டிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே குடியிருக்கும் எனக்கு அவர்மேல் ஒரு பாசம்.

சித்திரை 21

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மெரினாவில் மத்தியானமே வீசும் கடற்காற்று அம்பத்தூர் வந்து சேர மூன்று, மூன்றரை ஆகிறது. ஆவடிக்கு இன்னும் நேரமாகும். மேல்காற்று பலமாக இருந்தால் வருவதே இல்லை.

பெரணியின் நுனி கருகிய நாட்களைக் குறித்துப் பார்த்தேன். எல்லாம் கடற்காற்று வராத நாட்கள். நிழல் குறையவில்லை, தண்ணீரும் குறையவில்லை. காற்றில் ஈரம் இல்லை, அவ்வளவுதான். நிழலில் வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை.

தொங்கவிட்ட தொட்டிகளை இறக்கினேன். அந்தரத்தில் நாலு பக்கமும் காற்று உறிஞ்சுகிறது. துவைக்கிற கல் ஓரம் ஈர மணல் பரப்பி, அதன்மேல் மூன்றையும் நெருக்கி வைத்து, மேற்கே ஒரு நனைத்த சாக்கு கட்டினேன். "செடிக்குப் பிரசவ அறையா?" என்றார் வீட்டுக்காரர். ஆமாம்.

சித்திரை 27

இன்னொரு தப்பும் பிடிபட்டது. வீணாகிறதே என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரை ஊற்றிவந்தேன். எங்கள் போர் தண்ணீரே உப்பு, கழிவுநீரில் அது இன்னும் கூடுதல். தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. இன்றுமுதல் ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது, உப்பே கிடையாது.

வைகாசி 4

பூச்செடிகளைப் பற்றி எழுதவே இல்லை. எழுதும்படி அவை ஒன்றும் செய்யவில்லை, பூத்தன. மொட்டைமாடியில் காகிதப்பூ தண்ணீரைக் குறைக்கக் குறைக்க நிறம் கூடுகிறது. நிறமெல்லாம் பூவடி இலைக்கு, நிஜப்பூ நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டு. நித்தியகல்யாணி மடகாஸ்கர்க்காரி, நம் வெயிலைச் சட்டை செய்வதில்லை. நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ மூன்றுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதுகிறது. மல்லி இந்த வெயிலுக்காகவே காத்திருந்த மாதிரி.

டேபிள் ரோஸ்தான் கெட்டிக்காரி. தண்ணீர் தட்டினால் பகலில் இலைத்துளையைச் சாத்திவிட்டு, இரவில் காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு விரிந்து சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடுகிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது மட்டும் வேர் வெந்து போனது. மண்தொட்டிக்கு மாற்றினேன்.

வைகாசி 16

மேல்காற்று நாலு நாளாக. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததே, அந்த வாரம் ஞாபகம் வந்தது. வாங்கிய மூன்றில் ஒரு பெரணி போய்விட்டது. மற்ற இரண்டிலும் நடுவே சுருள் குருத்து. மதில் பெரணி அப்படியே.

வைகாசி 20

செங்கல்லுக்கு இன்று 41ஆம் நாள். மேலே பச்சைப் படலம். பாசி என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரருடைய லென்ஸை வைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத குட்டிக் குட்டி இதய வடிவங்கள். பெரணியின் முதல் பருவம் இது, இலை இனிமேல்தான்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வீட்டுக் கிணற்றை மூடப் போகிறவர்கள், லாரியில் மண் வருவதற்கு முன் உட்சுவரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெரணிக் கொத்து இருந்தால் செங்கல்லோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள்.