காற்றாடி மலையில் கிழித்த தாள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் சாலையில் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது, ஊருக்கு முன்னே காற்று வந்து நம்மை எதிர்கொள்கிறது. மலைகளுக்கு இடைப்பட்ட கணவாய் அது. ஆனி, ஆடி மாதங்களில் குடையை விரித்தால், அது நம் கையில் நிற்காது. காற்றாலைகள் கூட்டங்கூட்டமாய்ச் சுழலும் அவ்வூரில்தான் காற்றாடி மலை இருக்கிறது. இன்று மக்கள் அதனைத் தேவசகாயம் மவுண்ட் என்று அழைக்கின்றனர்.

சென்ற ஆனியில் நாமும் நம் பங்கின் முதிய உபதேசியாரும் அங்குச் சென்றோம். திருயாத்திரை என்று மக்களிடம் கூறினோமாயினும், உண்மையில் மனப்புழுக்கம் தாளாமல் புறப்பட்ட பயணம் அது. கெபி கட்டுவதற்கென மக்கள் அளித்த காணிக்கையில் பங்குத்தந்தை கைவைத்துவிட்டார் என்று ஆயர் இல்லத்திற்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. எம்மிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு தாள்களில் மறுமொழி எழுதி அங்கிப் பையில் வைத்திருந்தோம். மூன்று தாள்களில் வரவு செலவுக் கணக்கு. நான்காவதில், கடிதத்தை எழுதியவர் என்று நாம் கருதிய ஒருவரின் பழைய குறைகள் அனைத்தும்!

மலையடிவாரத்தில் வியாகுல அன்னையின் ஆலயத்தில் சற்று நேரம் செபித்துவிட்டுப் பாறைகளினூடே ஏறினோம். தேவசகாயத்தின் வரலாற்றைத் தென்னாட்டுக் கத்தோலிக்கர் அறிவர். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாய், அவருக்கு நண்பரானார். அடுக்கடுக்காய் வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் கைது செய்யப்பட்டார். அரச துரோகி, அரசின் இரகசியங்களை அந்நியருக்கு வெளியிட்டவர் என்பவை அவர்மேல் சுமத்தப்பட்ட பழிகள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினர், அடித்தனர். இறுதியில் 1752 சனவரி 14 அன்று இம்மலையில் சுட்டுக் கொன்றனர். செபிக்கச் சிறிது நேரம் மட்டும் அவர் கேட்டுப் பெற்றாராம். அவர் முழந்தாளிட்ட இடம் என்று மக்கள் ஒரு பாறையைக் காட்டுகின்றனர்.

அருகிலே மணியடிச்சான் பாறை. சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கிறது. உபதேசியார் ஒருமுறை தட்டிவிட்டு எம் பக்கம் திரும்பினார்.

"சாமி, ஒன்று கேட்கலாமா?"

"கேளும், உபதேசியாரே."

"அந்தக் கடிதத்தை அவர்தான் எழுதினார் என்பதற்குச் சாமியிடம் என்ன சாட்சி உண்டு?"

நாம் வாயடைத்து நின்றோம். எழுத்தின் சாயல் என்று எண்ணியிருந்தோம். பழைய மனத்தாங்கல் என்று எண்ணியிருந்தோம். சாட்சி ஏதும் இல்லை. நம்மீது பொய்ப்பழி வந்ததென்று கொதித்த நாம், அதே கொதிப்பில் இன்னொருவர்மேல் சான்றில்லாப் பழியை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு மலையேறியிருக்கிறோம்!

அவ்விடத்தில் யோபு நினைவுக்கு வந்தார். பாவம் செய்ததனால்தான் துன்புறுகிறாய் என்று நண்பர்களே அவர்மேல் பழி சுமத்தினர். யோபு ஊமையாக இருக்கவில்லை. தம் நேர்மையை உரக்க எடுத்துரைத்தார். எனினும் இறுதியில் அதே நண்பர்களுக்காக மன்றாடினார். நம் ஆண்டவரும் அவ்வாறே. தலைமைக் குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் பேசியது தவறானால் அதை எடுத்துக்காட்டுமாறு கேட்டதாக அருளப்பர் எழுதுகிறார். உண்மையைக் கேட்டார், அவனைப் பழிக்கவில்லை. பகைவரை நேசிப்பது என்பது பொய்யை மெய்யென்று ஒத்துக்கொள்வதன்று. நம் உண்மையைச் சொல்லும் வாயால் அடுத்தவர் பெயரைக் கெடுக்காதிருப்பதே அது.

நான்காவது தாளை அங்கேயே கிழித்து மீண்டும் பையில் இட்டோம். காற்றில் விட மனமில்லை. இறங்கும் வழியில் மற்றொரு மெய்யும் உறுத்தியது. காணிக்கையில் ஒரு காசும் நாம் எடுக்கவில்லை; ஆனால் ஈராண்டாக அக்கணக்கைக் கோயிலில் வாசிக்கவும் இல்லை. பழி பொய், ஆயினும் அதற்கு இடம் கொடுத்தது நம் அசட்டை. அதனையும் ஆயர் இல்லத்திற்கு எழுதினோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் கணக்கு முழுவதையும் வாசித்து, தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டோம். நாம் ஐயுற்றவரும் வழக்கமான தூணருகே நின்றிருந்தார். எம்மை ஏறிட்டுப் பாராமலே வெளியேறினார். கடிதத்தை எழுதியவர் அவரா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இப்போது இல்லை. நாள்தோறும் திருப்பலியில் அவருடைய குடும்பத்தை நினைக்கிறோம்.

தேவசகாயம் புனிதர் என்று 2022 மே 15 அன்று உரோமையில் அறிவிக்கப்பட்டபோது, துரோகி என்று அவரைக் கொன்று 270 ஆண்டுகள் கடந்திருந்தன. உண்மை தன் நாளுக்காகக் காத்திருக்க அறியும். அதுவரை நம் நாவைக் காத்துக்கொள்வது நம் கடமை. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலோ உள்ளத்திலோ அப்படியொரு நான்காவது தாள் இருக்குமானால், அதைக் கிழித்துவிடுங்கள். அதற்குக் காற்றாடி மலைவரை போகவேண்டியதில்லை.