கட்டத்துக்குள் ஒரு குரல்

காமிக்ஸ் பிரியர்களுக்குச் சினிமா திருப்தி தருமா? எங்கள் வீட்டில் இந்த வழக்கு ஓயாது. "பார்த்தால்தானே சுவை" என்பது என் வீட்டுக்காரர் கட்சி.

2010இல் சிம்புதேவன் இயக்கி ராகவா லாரன்ஸ் நடித்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்ததும் குடும்பத்தோடு போனோம். ஒரே காமிக்ஸை அப்படியே எடுத்த படமல்ல அது. ஆனால் தொப்பி, குதிரை, துப்பாக்கி, கௌபாய் வாயில் நம்ம தமிழ் என்று எல்லாமே சிவகாசி லயன் காமிக்ஸ் வாசம்! வயிறு குலுங்கச் சிரித்தோம். (பாட்டைக் குறைத்திருக்கலாம்.)

வெளியே வந்து தம்பியிடம், "எப்படிடா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா என்னை நிறுத்தவே விடலையே."

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் அவனுக்குத் திக்குவாய். பாடப் புத்தகத்தை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் கட்டத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மாயாவிக்கொரு குரல், வில்லனுக்கொரு குரல் கொடுத்துப் படிப்பான். அங்கே திக்கவே திக்காது!

சினிமாவில் குரலை யாரோ கொடுத்துவிடுகிறார்கள். நம் லயன் வாசகர்களின் செல்லமான டெக்ஸ் வில்லரையும் 1985இல் இத்தாலியில் படமாக்கினார்கள். சொந்த ஊரிலேயே அது சரியாகப் போகவில்லை.

தம்பி மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். முதலில் புத்தகம், அப்புறம்தான் படம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் முறைக்கிறார்.