பதிவேடு இல்லாத சபை

பிப்ரவரி 2, ஞாயிறு

ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்குள்ள பெந்தெகொஸ்தே சபைக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்கள். சபை வரலாற்றை எழுதித் தரும்படி பாஸ்டர் கேட்டார். நான் விசுவாசி இல்லையே என்றேன். "அது பரவால்லீங்க சார், தேதி சரியா இருந்தாப் போதும்" என்றார்.

தேதிதான் கிடைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு, வரவு செலவு நோட்டு, கமிட்டித் தீர்மானம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். கைக்கு வந்தவை ஒரு சிமெண்ட் பில்லும் ஒரு பழைய கன்வென்ஷன் நோட்டீஸும். நோட்டீஸில் தேதி உண்டு, கிழமை உண்டு, பிரசங்கியார் படம் உண்டு. வருஷம் மட்டும் போடவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்தச் சீமைக்குக் கிறிஸ்தவம் வந்த கதைக்குக் காகிதப் பஞ்சமே கிடையாது. ராபர்ட் டி நொபிலி 1623இல் மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அதை ஆண்டுவந்தவர் ராமச்சந்திர நாயக்கர். பிறகு சேலம் போனார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் சேலத்துக்கு வந்தது 1827இல். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இந்தியாவுக்கு வந்து, சேந்தமங்கலத்தில் இருந்து, 1913இல் மனைவி ஈவ்லினோடு கொல்லிமலை ஏறினார். 1929இல் காய்ச்சலில் இறந்தார். அவர்கள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய பால் பிராண்ட்.

இவர்களைப் பற்றி இவ்வளவு நமக்குத் தெரிவதற்குக் காரணம் பக்தி அல்ல, தபால். ரோமாபுரியிலோ லண்டனிலோ கடிதத்துக்குக் காத்திருக்க ஆள் இருந்தது. எழுதினால்தான் பணம் வரும், அடுத்த ஆள் வருவார். சைக்கிளில் பைபிளும் கஞ்சிராவும் கட்டிக்கொண்டு வந்த உள்ளூர் ஊழியக்காரரிடம் யார் அறிக்கை கேட்டார்கள்? அவரைத் தாங்கியது அரிசிக் காணிக்கை.

பிப்ரவரி 7, வெள்ளி

உபவாச ஜெபம். காலை பத்து மணிக்கே பாய் விரித்துவிட்டார்கள். வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஸ்பீக்கர் சத்தம் எனக்குத் தலைவலி. அந்தச் சின்ன அறைக்கு அத்தனை பெரிய பெட்டி எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

மதியம் கஞ்சி குடித்தபின் ஒரு பெரியம்மா பேசினார். சபை முதலில் கூடியது அவர் வீட்டுத் திண்ணையில். "அவரு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில போர் போடப் போயிருவாருங்க. மத்தியப்பிரதேசம், எங்கெங்கியோ. வர ஆறு மாசமாகும். புள்ளைக்கு வலிப்பு. ராத்திரில யாரைப் போயி எழுப்பறது? அந்தச் சகோதரி வந்து விடிய விடிய ஜெபம் பண்ணுவாங்க." பிள்ளைக்குச் சுகமானதை அவர் சாட்சியாகச் சொன்னார். ஆஸ்பத்திரி மாத்திரையும் கூடவே கொடுத்ததை மறைக்கவில்லை.

வருஷம் கேட்டேன். "எம்ஜிஆர் செத்தாரே, அதுக்கு அடுத்த தை மாசம் கொட்டாய் போட்டோம். நாமக்கல் ஜில்லா பிரிஞ்ச வருசம் ஓட்டுக்கட்டடம்." எடுத்துக்கொண்டேன்: 1988 ஜனவரி, 1997. முழுக்கு ஞானஸ்நானம் முதலில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நடந்திருக்கிறது. ஊரில் பேச்சு கிளம்பியதும் தோட்டக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அதிலிருந்து வேன் பிடித்து மோகனூர் காவிரி.

அந்தச் சகோதரி யார், எந்த ஊர்? ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரியில் கிழங்கு தோலுரித்தவர் என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. சபையில் மாட்டியிருக்கும் படங்களில் எல்லாரும் ஆண்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெந்தெகொஸ்தே எழுப்புதல் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் தொடங்கியது என்பது பாஸ்டர் கற்ற பாடம். சென்னைக்கு மேரி சாப்மன் அம்மையார் வந்தது 1915இல். 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் இருக்கிறது. வெள்ளையுடை, நகையில்லாக் கழுத்து, கல்யாணம் செய்யாத ஊழியர்கள் என்று ஊர்களில் அடையாளம் சொல்வார்கள். இந்தச் சபைப் பெண்களும் முதலில் நகை கழற்றியவர்கள்தாம். இப்போது மெல்லிய கம்மலுக்கு வழி பிறந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, 1860இல், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் கூட்டங்களில் அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்றேன். பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அருளப்பன் நாட்குறிப்பு எழுதிய மனிதர். அது 1939இல் ஜி. எச். லாங் கையால் ஆங்கிலப் புத்தகமானது. எழுதி வைத்ததால்தான் அவர் மிஞ்சினார்.

பிப்ரவரி 12, புதன்

பதிவேடு ஏன் இல்லை என்பதைப் பாஸ்டர் இன்று சொன்னார். "எழுதி வெச்சா நாளைக்குப் பசங்க சர்டிபிகேட்டுக்கு வம்புங்க சார்."

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் சேரவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்த புதுச்சேரிச் சாதிச் சான்றிதழ் வழக்கில், ஒரு பெண் கைக்குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்ற நாளே அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றானது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மாறிச் சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றது தீர்ப்பு. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காவிரியில் முங்கி எழுந்தவரை டீக்கடையில் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று போய்க் கேட்டால் தெரியும், சாதி தண்ணீரில் கரையவில்லை.

கொட்டகை போட்டபோது ஒன்பது குடும்பம். இன்று ஞாயிறுக்கு நூற்றைம்பது பேர். இதிலிருந்து பிரிந்த இன்னும் இரண்டு சபைகள் அதே சாலையில் உண்டு. ஒன்று காணிக்கைத் தகராறில் போனது. இன்னொன்றுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வளர்ச்சிக் கணக்கில் அவற்றையும் சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பிப்ரவரி 20, வியாழன்

பாஸ்டரிடமிருந்து ப்ரூஃப் திரும்பி வந்தது. விசுவாசிகள் பெயர் அத்தனையும் அடித்திருக்கிறார். அது நியாயம். பிரிந்துபோன சபைகளைப் பற்றிய பத்தியும் போயிற்று. சேகோ ஃபேக்டரிச் சகோதரி "ஒரு தேவ பிள்ளை" ஆகிவிட்டார். தொலைபேசியில் சண்டை போட்டு அந்த ஒரு வரியைப் பழையபடி போட வைத்தேன். அருளப்பன் பத்தி முழுசாக இருக்கிறது. அதற்கு மேலே தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி அச்சகத்துக்குப் பென்சிலில் குறித்திருக்கிறார்.