மருத்துவரின் கணக்கேடு

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற அன்றே, அவன் செல்வந்தனாகிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எம்.பி.பி.எஸ். படிப்பு 5½ ஆண்டுகள். மேற்படிப்பு 3 ஆண்டுகள். தனித்துறைத் தேர்ச்சி வேண்டுமெனில் இன்னும் 3 ஆண்டுகள். 30 வயதை எட்டிய பிறகே அவன் நிலையான வருவாயைக் காண்கிறான். உடன் பயின்று 18 வயதில் துணிக்கடையில் அமர்ந்த தோழனுக்கோ அதற்குள் 12 ஆண்டுச் சம்பாத்தியம் கைவந்திருக்கும். ஆயினும் வீடும் காரும் தங்கையின் திருமணமும் மருத்துவரிடமே எதிர்பார்க்கப்படுகின்றன.

நம் தமையனாரின் மகன் எலும்பு மருத்துவர். 2015-இல் சொந்த மருத்துவமனை தொடங்க விரும்பினார். வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் குடும்பம் ஒருமனப்பட்டது. கணவரை இழந்த மூத்த சகோதரி தம்முடைய 40 பவுன் நகையைத் தர முன்வந்தார். அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று நாம் வினவியதும் அவையில் முகங்கள் சுளித்தன.

"சாச்சா, லாத்தாவுக்கும் எனக்கும் இடையில் பத்திரமா?" என்றார் மருத்துவர்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அதனைப் பல்லாண்டுகளாக மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். உடன்பிறந்தார் எழுத வேண்டியதில்லை என்ற விலக்கு எதனையும் நாம் அதில் கண்டதில்லை.

அன்பளிப்பாயின் பின்னர் கேட்கும் பேச்சில்லை. பங்காயின் இலாபம் பேசிய விகிதப்படி. நட்டம் முதலின் அளவுப்படி. கடனாயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தங்கமாகக் கடன் பெற்றால் எடைக்கு எடை தங்கமே திரும்ப வேண்டும். சகோதரி தாமே விற்றுப் பணமாகத் தந்தால் அத்தனை ரூபாய் மட்டுமே. இவற்றை விளக்கிவிட்டு, "நாளை உனக்கு மவுத்து நேர்ந்தால் உன் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்து. எழுத்தில்லாத கடனை லாத்தா யாரிடம் போய்ச் சொல்வாள்?" என்று கேட்டோம். மருத்துவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முத்திரைத் தாளோடு வந்தார்.

தங்கக் கடன் என்றே எழுதி, இருவர் சாட்சியிட்டனர். ஆண்டுக்கு 4 பவுனாக 2025-இல் கடன் தீர்ந்தது. 2015-இல் ஏறத்தாழ 20,000 ரூபாய்க்கு விற்ற பவுன், 2025-இல் 70,000-ஐக் கடந்துவிட்டது. பிந்திய தவணைகள் மருத்துவருக்குப் பெருஞ்சுமையாகவே இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரூபாய்க் கணக்கில் எழுதியிருந்தால் அச்சுமை முழுவதும் அந்தக் கைம்பெண்ணின் தலையில் இறங்கியிருக்கும்.

வட்டியை அஞ்சுவோரைத் தேடி வரும் வணிகங்களும் உண்டு. 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பல்லாயிரவரிடம் பணம் திரட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் (மருத்துவர் சங்கத்தைச் சொல்லவில்லை) 2019 ஜூனில் கதவடைத்தது. இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேட்காமல், பெயரை மட்டும் பார்த்துப் பணம் தருவது பேணுதலாகாது.

மருத்துவமனைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே சட்டைப்பையில் கிடக்கும் வழக்கம்தான் நமக்கு மிகவும் கவலை தருவது. ஆண்டு வரவு 50 இலட்சத்துக்கு உட்பட்ட மருத்துவர், முழுக் கணக்கேடு வைக்காமலே வரவில் பாதியை வருமானமாகக் காட்ட வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. ரொக்க வரவு நூற்றுக்கு 5-க்கு மிகாதிருந்தால் 75 இலட்சம் வரை அச்சலுகை உண்டு. இச்சலுகையை நம்பிப் பலர் ஏட்டையே மூடிவிடுகின்றனர். ஜகாத்துக்கோ அச்சலுகை இல்லை. கட்டடத்திற்கும் எக்ஸ்ரே கருவிக்கும் ஜகாத் கடமையில்லை. கையிருப்புப் பணத்திற்கு, நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், நாற்பதில் ஒன்று கடமை. இரண்டையும் பிரித்தெழுதாதவர் எதைக் கொண்டு கணக்கிடுவார்? ஆண்டு என்பதும் பிறையாண்டு. தணிக்கையாளரின் மார்ச் 31-ஐ விட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. நம் தமையனார் மகன் ரமளான் முதல் பிறையன்று அன்றைய இருப்பைத் தனித்தாளில் எழுதி, அதன் படியொன்றை மனைவியிடமும் தந்துவிடுகிறார்.