மூங்கிலும் தாரும் சுமக்கும் காவிரிப் பரிசல்!

மேட்டூருக்குப் போகிறவர்கள் அணையைப் பார்ப்பார்கள், பூங்காவில் சுற்றுவார்கள், சுடச்சுடப் பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்ச தூரம் வண்டியை விடுங்கள். கொளத்தூர் பக்கம் பண்ணவாடி, கோட்டையூர் என்று இரண்டு பரிசல் துறைகள் இருக்கின்றன. பண்ணவாடிக்கு எதிர்க்கரை நாகமரை. கோட்டையூருக்கு எதிர்க்கரை ஒட்டனூர். இந்தப் பக்கம் சேலம் மாவட்டம், அந்தப் பக்கம் தர்மபுரி. நடுவில் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது காவிரி.

1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த அணை இது. 120 அடி வரை நீரைத் தேக்கியபோது ஊர்கள் பல மூழ்கின. தண்ணீர் நன்றாக இறங்கும் கோடைகளில், பண்ணவாடியில் பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ஊர் இருந்த இடத்தில் நீர் நின்றது. நீரை நம்பி மீன்பிடித் தொழில் வளர்ந்தது. ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றிச் செல்ல இப்போது விசைப்படகுகள் வந்துவிட்டன. தனி ஆளாக வலை போடப் போகிறவருக்கு இன்றும் பரிசல்தான் துணை.

ஆணி இல்லாத படகு

பரிசலில் ஓர் ஆணி கிடையாது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, நீளமான பிளாச்சுகளாகச் சீவிக்கொள்கிறார்கள். ஈரம் காய்வதற்குள் பின்னிவிட வேண்டும்; காய்ந்த மூங்கில் வளையாது, முறியும். முதலில் அடிப்பாகத்தைத் தரையிலேயே பாய் மாதிரி பின்னுகிறார்கள். நடுவில் கனமான கற்களை வைத்து அழுத்திக்கொண்டு, ஓரங்களை மெல்ல மேலே வளைத்துச் சுற்றிலும் பின்னிக்கொண்டே போகிறார்கள். விளிம்பைத் தடிமனாக முறுக்கிக் கட்டியதும் பெரிய கூடை தயார். அந்தக் காலத்தில் இதன்மேல் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கை விரித்துத் தைத்து, காய்ச்சிய தாரைப் பூசிவிடுகிறார்கள்.

அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பரிசல் மிதக்கும். பாறையில் உரசினால் மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுத்து விலகிப்போகும். கரையேறியதும் குடைபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஆள் நடந்துவிடலாம்.

பழுது பார்ப்பதும் ஒரு பாடம்

பரிசல் துறையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசல்களைப் பார்த்தால் ‘பழசு போல’ என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலில் காய்வதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததும் பொரிந்து நிற்கும் பழைய தாரைச் சுரண்டுகிறார்கள். உள்ளே முறிந்த பிளாச்சு இருந்தால், அதை ஒட்டியே புதுப் பிளாச்சு ஒன்றைச் செருகிப் பின்னலோடு சேர்க்கிறார்கள். கிழிந்த இடத்தில் சாக்குத் துண்டு வைத்து ஒட்டுப் போடுகிறார்கள். பிறகு மறுபடியும் தார் பூச்சு. மெல்லிசாக இருந்தால் ஒழுகும், மொத்தமாக இருந்தால் வெடித்து உரியும். தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். காவிரிக்கரையில் அந்த வேலையைத் தாரும் சாக்கும் பார்த்துக்கொள்கின்றன.

இந்தக் கூடைப் படகுக்கு வயது அதிகம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், மனிதர்களோடு குதிரைகளையும் மாடுகளையும்கூட ஏற்றிச் சென்ற வட்டமான தோல் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1933-ல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஈராக்கின் டைகிரிஸ் ஆற்றிலும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு.

ஃபைபர் வந்த பிறகு...

இப்போது ஃபைபர் பரிசல்கள் பெருகிவிட்டன. திரும்பத் திரும்பத் தார் பூச வேண்டாம், பூச்சி அரிக்காது, நாள்பட உழைக்கும். விடிவதற்கு முன் வலையோடு கிளம்புகிறவர் அதை வாங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இந்தக் கைத்தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது; பாடப்புத்தகம் கிடையாது. அப்பா பழைய பரிசலைச் செப்பனிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிளாச்சு எடுத்துக் கொடுக்கும் பையன்தான் நாளைக்குப் புதுப் பரிசல் பின்னுவான். செப்பனிடும் வேலையே இல்லை என்றால் அவன் எங்கிருந்து கற்றுக்கொள்வது? கீழே நாமக்கல் மாவட்டத்து மோகனூருக்கும் எதிர்க்கரை வாங்கலுக்கும் நடுவே பாலம் வந்துவிட்டது. ஒட்டனூர் - கோட்டையூர் மக்களும் நெடுநாளாகப் பாலம் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்குப் பாலம் வரத்தான் வேண்டும். வந்த பிறகும் மூங்கில் பின்னுகிற கை மிஞ்ச வேண்டுமானால், அந்தக் கைக்குக் கூலி கிடைக்க வேண்டும். சுற்றுலாத் துறைகளில் நாலு மூங்கில் பரிசல்களை விட்டாலே பின்னவும் செப்பனிடவும் வேலை இருக்கும்.

போவதற்கு முன்...

சேலத்திலிருந்து மேட்டூர், கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி போகலாம். இன்னொரு நாள் எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்குப் போய், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகில் சென்று வாருங்கள். ‘குட்டிக் கேரளா’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது புரியும். தண்ணீர் வரத்து அதிகமாகும் நாட்களில் பரிசலையும் படகையும் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். குழந்தைகளோடு போனால், தார் மணக்கும் ஒரு மூங்கில் பரிசலை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.