கீரிமலைக்கு நாலு சைக்கிள்

ஆவணி விடுமுறைக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து மல்லாகத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை அக்காவின் மகள், "சித்தி, கீரிமலைக்குக் குளிக்கப் போவமோ? எல்லாரும் சைக்கிளிலை" என்று கேட்டாள். அத்தான் உடனே காற்றடிக்கும் பம்மை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டார். அம்மாவுக்கு ஓட்டோ பிடிப்போம் என்றா அக்கா.

"காசைக் கரியாக்காதை. நான் கரியரிலை இருப்பன்" என்றா அம்மா.

தயங்கியது நான்தான். 2009 இல் என் சைக்கிளை இரட்டைவாய்க்காலில் ஒரு வேலியோடு சாத்திவிட்டு நடந்து வந்தேன். அதன் பிறகு சைக்கிள் ஏறவில்லை. கால் நோ என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நோ காலில் இல்லை. எனக்குச் சைக்கிள் பழக்கியவர் அண்ணா. அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

1990 இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாகத்தில் இருந்த காலத்தில்தான் அவர் எனக்குப் பழக்கினார். பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. கலியாண வீட்டுக்கும் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பேசும். கை களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோதும் எங்கள் அரிசி, பாய், பானை, சட்டி எல்லாம் அந்தச் சைக்கிளில்தான் வந்தன. உழக்க இடமிருக்கவில்லை. உருட்டிக்கொண்டு போனோம்.

நாலு சைக்கிள் சேர்ந்தது. அத்தான் அம்மாவை ஏற்றினார். அக்கா தன் கடைக்குட்டியை ஏற்றினா. அக்காவின் மகளோடு என் மகள். பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிள் எனக்கு. முதல் இருபது யார் தூரம் ஹாண்டில் ஆடியது. பிறகு கால் தன்பாட்டில் உழக்கத் தொடங்கிவிட்டது.

காங்கேசன்துறை வீதியில் இரு பக்கமும் செம்பாட்டு மண். மரவள்ளித் தோட்டமொன்றுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையைத் தாண்டினோம். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் கட்டியது அது. அங்கே மருந்தெடுக்கப் போய்வரும் பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

மாவிட்டபுரத்தில் கந்தசாமி கோயில் வாசலில் நின்று பிள்ளைகளுக்கு அம்மா கதை சொன்னா. மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்கு முகம் குதிரை முகமாக இருந்ததாம். கீரிமலையில் தீர்த்தமாட அது மாறியதாம். மா விட்ட புரம், மாவிட்டபுரம். "அவளும் சைக்கிளிலையோ வந்தவள்?" என்று கடைக்குட்டி கேட்டான். அங்கிருந்து கீரிமலைக்கு மேற்கே திரும்ப வேண்டும். கிழக்குப் பக்கம் போனால் மயிலிட்டி. அந்தத் துறைமுகப் பகுதி 2017 இல் விடுபட்டது. எங்கள் காணி அதற்குள் அடங்கவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கீரிமலைக் கேணிக்குப் பக்கத்தில் கடல், ஆனால் கேணியில் ஊறுவது நல்ல தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடி, இந்தக் கரையில் வெளியே வருகிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. கடலைப் பார்த்தபடி குளிப்பது ஆண்களுக்கு. எங்களுக்கு நாலு பக்கமும் மதில். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் மதிலுக்குள் வந்ததும் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்க வேண்டும். போகிறவர்கள் மாற்றுடுப்புக் கொண்டு போங்கள். படிகளில் பாசி இருக்கும், வயதானவர்களைக் கையில் பிடித்து இறக்குங்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் அம்மாவின் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

கீரிமலை பிதிர்க்கடன் செய்யும் இடமும்தான். ஆடி அமாவாசைக்குக் கரை நிறையச் சனம் வரும். அண்ணாவுக்கும் செய்துவிட வேண்டும் என்று அக்கா சில வருடமாகச் சொல்லுகிறா. அம்மா விடமாட்டா. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோதும் மறுத்தவ. இறந்தவர் என்று பதியாமல், காணாமற்போனவர் என்று மட்டும் சான்றிதழ் எடுக்கும் வழி 2016 இல் வந்த பிறகுதான் கையெழுத்து வைத்தா. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். நான் அக்கா பக்கமா அம்மா பக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

குளித்து உடுப்பு மாற்றி வெளியே வந்தபோது ஒரு ஐயர் கிட்ட வந்தார்.

"பிதிர்க்கடன் ஏதும் இருக்கோ அம்மா?"

அக்கா அம்மாவைப் பார்த்தா. நான் அக்காவைப் பார்த்தேன்.

"இல்லை ஐயா. பிள்ளையளைக் குளிப்பாட்ட வந்தனாங்கள்" என்றா அம்மா. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னா. அக்கா ஒன்றும் பேசாமல் ஈர உடுப்புகளைப் பையில் போட்டா.

திரும்பும் வழியில் தெல்லிப்பழைக்குக் கிட்ட அத்தானின் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப்போடும் கடை பூட்டியிருந்தது. அத்தான் உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா நின்று நாலு சைக்கிளையும் பார்த்தா. பிறகு என்னிடம் வந்தா.

"அம்மா, நான் விழுத்திப்போடுவன்."

"விழுந்தால் எழும்புவம். பிடி."

கரியரில் ஏறி இருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டா. பாரம் ஏறியதும் சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது. கொஞ்சத் தூரம் போனதும் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நீ இப்பவும் இடப்பக்கம்தான் சாயிறாய். அவன் எத்தினை தரம் சொன்னவன்."

"ஓம் அம்மா" என்றேன்.

மல்லாகம் சந்தியில் பாண் வாங்க அக்கா கை காட்டி நிற்பாட்டினா.