அல்சூரின் வயர் கூடைகள்

பெங்களூரின் தமிழ் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அல்சூருக்கு வரவேண்டும். கன்னடத்தில் ஹலசூரு. 1809 வாக்கில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இந்தப் பக்கம் கண்டோன்மென்ட்டுக்கு மாறியபோது, படையோடும் அதை நம்பிய வியாபாரத்தோடும் வந்த தமிழர்கள் இங்கே வேரூன்றினார்கள். இங்குள்ள ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல்தான் திறக்கப்பட்டது.

எனக்கு இந்த ஊரென்றால், காய்கறிக் கடைக்குப் போகும் பெண்களின் கையில் தொங்கும் வயர் கூடைதான். மதியச் சமையல் முடிந்து, வாசற்படியில் உட்கார்ந்து அதைப் போடுகிற அக்காமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முழம் போட்டு வெட்டிய பிளாஸ்டிக் வயரை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, விரல் சிவக்க இழுத்தால் ஒரு முடிச்சு. முடிச்சோடு முடிச்சு சேர்ந்து முதலில் அடிப்பாகம். பிறகு சுற்றிச் சுற்றி உயரம். "அடி நேரா உக்காந்துட்டா மீதி தானா ஏறிடும்மா" என்றார் ஒரு அக்கா, கை நிற்காமல். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர். கடைசியில் மிஞ்சும் வால்களை உட்பக்க முடிச்சுகளில் சொருகிவிடுவார்கள். கூடையை வாங்குகிறவர்கள் அந்த இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வேலையின் சுத்தம் அங்கேதான் தெரியும்.

கையாலேயே பை போடுவது இங்கே மட்டும் இல்லை. பப்புவா நியூ கினியாவில் பெண்கள் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து பிலும் என்ற பை செய்கிறார்கள். அது காய்கறியும் சுமக்கும், அதில் குழந்தையும் தூங்கும். அதற்கும் தறி கிடையாது, இதற்கும் கிடையாது. பிலும் சுமைக்கேற்ப விரிந்துகொடுக்கும். நம் கூடை விறைப்பாக நிற்கும், தக்காளி நசுங்காது.

2016 மார்ச்சில் கர்நாடகம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். ஒரு தடவையில் தூக்கி எறிகிற பையும், வருடக்கணக்கில் கழுவிக் கழுவி எடுத்துப் போகிற கூடையும் ஒன்றாகிவிடுமா?

கூடையின் விலையில் வயருக்கான காசு முதலிலேயே கடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதுதான் அந்த விரல்களுக்கான கூலி. பேரம் பேசினால் குறைவது அதுதான். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.